ஏழு லிட்டர் இடியாப்பம்

என் மனைவி ஜெனோவாவுக்கு வியர்க்காது.

கேட்கிறவர்கள் எல்லோரும் 'கொடுத்து வைத்தவள்' என்பார்கள். பெண் பார்க்கப் போன அன்று நானும் அப்படித்தான் நினைத்தேன். பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை, எதிரே முப்பது பேர். அவள் நெற்றியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. மாப்பிள்ளையாகிய நான்தான் தொப்பலாக நனைந்து, கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

அவள் ஐந்து வயதிலிருந்து உலர் வீட்டில் வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் உலர் வீடுதான். தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் பன்னிரண்டு மாடியும் தொண்ணூற்றாறு வீடுகளும் உள்ள கடல்முத்துக் குடியிருப்பில் நான்தான் டெக்னீஷியன். என் பெயர் கஸ்பார். குடியிருப்பில் ஒருவரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. 'ஈரக்காரன்' என்றால்தான் தெரியும்.

எங்கள் சுவர்களுக்குள் உப்புக்கூழ் பலகைகள் இருக்கின்றன. காற்றில் இருக்கும் ஈரத்தை அவை குடித்துவிடும். குடித்ததைக் குழாய் வழியாக மொட்டைமாடி இயந்திரத்துக்கு அனுப்பும். வெளியே சித்திரை மாதத்துக் கொண்டல் காற்று சட்டையை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டிருக்கும். உள்ளே திறந்து வைத்த அப்பளம் நமத்துப் போகாது. சுவரில் பூசணம் கிடையாது, ஜாடியில் உப்பு கட்டி பிடிக்காது, அலமாரித் துணியில் மக்கல் வாடை வராது. இந்தச் சுகத்துக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். மூச்சு, குளியல், சமையல் எல்லாம் சேர்த்து ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல் ஈரம் வரக்கூடாது. எல்லா வீட்டுக்கும் காற்று ஒன்றுதான். ஒரு வீட்டில் விட்ட ஈரம் ஊர் சுற்றிவரும். மூன்று நாள் தொடர்ந்து எல்லை தாண்டினால் அந்த வீட்டுப் பலகைகளை அடைத்துவிட வேண்டும். அடைக்கிற ஆள் நான்தான்.

உலர் வீடு வந்ததும் எங்களை விட்டு முதலில் போனது இட்லி. பிறகு புட்டு, கொழுக்கட்டை, இடியாப்பம் எல்லாம் வரிசையாகப் போயின. நாங்கள் ரொட்டி தின்கிற ஜாதியாக மாறிவிட்டோம்.

ஜெனோவா துறைமுகத்தில் கப்பல் பைலட் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். உள்ளே வரும் கப்பலில் ஏறி, அதைப் பத்திரமாகக் கரைக்குக் கொண்டுவரும் வேலை. ஏழு வருடம் படித்து, திரையில் பழகி, பரீட்சை எல்லாம் பாஸ். பாக்கி இருந்தது வெப்பத் தகுதிச் சான்று மட்டும். அது இல்லாமல் யாரும் பகலில் வெட்டவெளி வேலை பார்க்க முடியாது. சித்திரை மத்தியானம் போலவே வெக்கையும் புழுக்கமும் ஏற்றிய அறையில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். உடம்புச் சூடு எல்லையைத் தாண்டக்கூடாது, குறைந்தது முக்கால் லிட்டர் வியர்க்க வேண்டும்.

முதல் முறை அவள் பதினோராவது நிமிடத்தில் விழுந்துவிட்டாள். தோல் காய்ந்த காகிதமாக இருந்ததாம். பதினாறு நாளில் இரண்டாவது வாய்ப்பு. அதிலும் விழுந்தால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு வேலை போய்விடும், மறு வாய்ப்பு கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். 

"இங்க பாரு ஜெனோ, ஒனக்கு மோட்டார் இருக்கு, பைப் இருக்கு, தொட்டியில தண்ணியும் இருக்கு. இருபத்தஞ்சு வருஷமா யாரும் சுவிட்ச் போடல, அவ்வளவுதான்" என்றேன்.

"பொண்டாட்டியப் பத்திப் பேசுதியளா, மொட்டமாடி மோட்டாரப் பத்திப் பேசுதியளா?"

"எனக்குத் தெரிஞ்ச பாஷை அதுதான. ரெண்டு வாரம் தெனமும் ஒரு மணி நேரம் புழுக்கத்துல கெடந்து வேலை செஞ்சா ஒடம்பு தானா கத்துக்கிடும்னு டாக்டரே சொன்னாருல்லா?"

"எங்க போயி கெடக்க? பயிற்சி நிலையத்துல நாலு மாசம் வரிசை. சான்று இல்லாம பகல்ல ரோட்டுல கால் மணி நேரம் நின்னா போலீஸ் வண்டி வந்துரும்."

"ஒங்க சித்தி வீடு இருக்குல்லா? அங்க பலகை கெடையாதே."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி எரிந்துவிட்டேன்.

"சித்தி வீட்டுக்குப் போயி ஆறு வருஷம் ஆச்சு. அவ மகன் கல்யாணத்துலயே பத்து நிமிஷம் நின்னுட்டு, மூச்சு முட்டுதுன்னு ஓடி வந்தவ நான். இப்பப் போயி, 'சித்தி, வேர்க்கதுக்கு வந்திருக்கேன்'னு நிக்கவா?"

அவள் சொன்னது நியாயம். உலர் வீட்டுக்காரர்களுக்கு வெளியே சொந்தம் தங்குவதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. கால் மணி நேரம் உட்கார முடியாத வீட்டுக்கு எத்தனை தடவை போவது? அவர்களும் எங்கள் வீட்டுக்கு வந்தால் உதடு வெடிக்கிறது, மூக்கு எரிகிறது என்று எழுந்துவிடுகிறார்கள். வாசல்வரை வந்து பேசிவிட்டுப் போகிற உறவு, கொஞ்ச நாளில் போனோடு நின்றுவிடுகிறது. எனக்கு இது வருத்தம்தான். ஆனாலும் நான் என் அண்ணன் வீட்டுக்குப் போனதில்லை.

கடைசியில், ஈரத்தைக் காவல் காக்கிற நானே ஈரத்தை உள்ளே விடுவது என்று முடிவானது. எங்கள் 7-சியின் சின்ன அறைச் சுவர் முழுக்க, பலகைகள் ஈரத்தைக் குடிக்காதபடி பாலித்தீன் விரிப்பு ஒட்டினேன். இரண்டு அடுப்பு வைத்து, இரண்டு அண்டாவில் தண்ணீர் கொதிக்கவிட்டேன். கொடி கட்டி நனைத்த போர்வைகளைத் தொங்கவிட்டேன். ஜெனோவா உள்ளே போனாள். பன்னிரண்டு நிமிடத்தில் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு சொட்டு வியர்வை இல்லை.

அன்று சாயங்காலம் என் மேஜைத் திரையில் சிவப்பு விளக்கு சிமிட்டியது. கதவிடுக்கு வழியாகக் கசிந்ததை ஹால் சுவர் குடித்துக் கணக்கு சொல்லிவிட்டது. ஏழு லிட்டர். அளவை அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை. 'காரணம்' என்ற கட்டம் மட்டும் நான் நிரப்பலாம். பிடிபட்டால் வேலை போகும், வேலையோடு வந்த வீடும் போகும். ஏதோ ஒன்றை எழுத வேண்டுமே என்று 'இடியாப்பம்' என்று எழுதிவிட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே கற்பனை அதுதான்.

எல்லை தாண்டிய வீட்டின் பெயர் லிப்டில் உள்ள திரையில் ஓடும் என்பது எங்கள் குடியிருப்பு வழக்கம். அதை அந்தப் பதற்றத்தில் நான் மறந்துவிட்டேன். மறுநாள் காலை தொண்ணூற்றாறு வீடும் அதைப் படித்தது. '7-சி. ஏழு லிட்டர். காரணம்: இடியாப்பம்.'

ஒன்பது மணிக்கு வாசல் மணி அடித்தது. திறந்தால் பிலோமினா அக்கா.

பிலோமினா கொரேரா எங்கள் சங்கச் செயலாளர். ஐம்பத்திரண்டு வயது, 3-ஏயில் தனியாக இருப்பவர். விதிப்புத்தகத்தை வேதபுத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர். குளியலறைக் கதவைத் திறந்து போட்டுக் குளித்த ஒரு ரிட்டயர்டு மேனேஜரை லிப்டில் வைத்து எல்லோர் முன்னாலும் விசாரித்தவர். அவரைக் கண்டால் சுவரே தன் ஈரத்தை ஒளித்துக்கொள்ளும் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

"இடியாப்பமாமே?" என்றார்.

"ஆமாக்கா... ஜெனோவுக்கு ஆசை வந்துட்டு..."

"எத்தன?"

"எத்தனன்னா?"

"ஏழு லிட்டருக்கு எத்தன இடியாப்பம் அவிச்சிய?"

ஜெனோவா பின்னாலிருந்து, "எம்பது அக்கா" என்று ஒரு போடு போட்டாள்.

"நல்லது. நாளைக்கு எனக்குப் பத்து. 5-பி டீச்சருக்குப் பதினஞ்சு. ஒன்பதாவது மாடியில எல்லாருக்கும் வேணுமாம். நானே வீடு வீடாப் போயி கேட்டுட்டு வந்துட்டேன்." ஒரு காகிதத்தை என் கையில் திணித்தார். நாற்பது வீட்டு எண்கள். "பதினோரு மணிக்கெல்லாம் குடுத்துரணும். ரெண்டு வாரத்துக்கு. அதுவரைக்கும் ஒன் வீட்டுப் பலகைய அடைக்க வேண்டாம்."

கதவைச் சாத்திவிட்டு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"சந்தேகம் வந்துட்டு. நம்மள சோதிக்கா" என்றேன்.

"இடியாப்பம் எப்படிங்க அவிக்கது?" என்றாள் ஜெனோவா.

அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அரிசி மாவில் வெந்நீர் ஊற்றிப் பிசைய வேண்டும் என்பது வரை கேள்விப்பட்டிருந்தோம். முதல் ஈடு கஞ்சியாக வந்தது. இரண்டாவது ஈட்டுக்கு மாவு இறுகி, உரலை இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்துத் திருகியும் ஒரு நூல்கூட இறங்கவில்லை. மூன்றாவது ஈடு, பார்க்க இடியாப்பம் போல இருந்தது. அதையே கொண்டுபோய்க் கொடுத்தேன். 5-பி டீச்சர் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் படியைப் பார்த்தேன்.

"ஆவி பறக்கப் பறக்க இத வாயில வச்சு ஒன்பது வருஷம் ஆச்சு தம்பி. உப்பு மட்டும் நாளைக்குக் கொஞ்சம் கொறச்சுப் போடச் சொல்லு" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தச் சின்ன அறையில், நாலு பக்கமும் ஆவி அடிக்க, முழங்கை வலிக்க முந்நூறு இடியாப்பம் பிழிவதைவிட நல்ல பயிற்சியை எந்த நிலையமும் தர முடியாது. வெறுமனே உட்கார்ந்திருந்தால் பன்னிரண்டு நிமிடத்தில் ஓடிவந்தவள், அடுத்த ஈடு வெந்துவிடுமே என்ற கவலையில் இருபது நிமிடம் நின்றாள். மறுநாள் இருபத்தைந்து. தலை சுற்றினால் வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போனாள். நான் இடையிடையே வந்து வாளி தூக்கினேன், தட்டு மாற்றினேன், நேரம் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் உள்ளேயிருந்து ஒரு கூச்சல். கை வெந்துவிட்டது என்று பயந்து ஓடினேன். ஜெனோவா அசையாமல் சிலுவைப்பாதைச் சிலை மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"ஆடாதிய. விழுந்துரும்."

"எது?"

"மூக்க பாருங்க."

மூக்கு நுனியில் ஒரு சொட்டு. மேலே இருந்த போர்வையிலிருந்து சொட்டியதா, ஆவி படிந்ததா, அவளுடையதா என்று எப்படித் தெரியும்? நான் ஒரு டெக்னீஷியன். சோதனை செய்துதானே ஆக வேண்டும்? விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"உப்பளம்டீ! சுத்தமான உப்பளம்!"

அவள் சிரித்த சிரிப்பில் அந்த ஈடு முழுக்கக் குழைந்துவிட்டது. ஒன்பதாம் மாடிக்கு அன்று பத்து நிமிடம் தாமதம். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வியர்வை தடையில்லாமல் வந்தது. முதலில் நெற்றி, பிறகு கழுத்து, பிறகு முதுகு. வர வர உப்பும் குறைந்தது. பழகிய உடம்பு தண்ணீரைத்தான் வெளியே விடும், உப்பை விடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் சோதித்துப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நான் ஒரு நாளும் தட்டிக்கழிக்கவில்லை.

ஒரு வேடிக்கை. எங்கள் கசிவால் குடியிருப்பு முழுக்கவே ஈரம் ஒரு படி ஏறியிருந்தது. ஒருவரும் புகார் சொல்லவில்லை. இருமல் குறைந்திருக்கிறது, மூக்கு எரிச்சல் இல்லை, என்ன மாற்றம் செய்தாய் என்று ரிட்டயர்டு மேனேஜர் என்னைத் தட்டிக்கொடுத்தார். குடியிருப்பு எழும்பிய பதினாலு வருடமாக நாங்கள் தேவைக்கு மேல் காய்ந்துகொண்டிருந்திருக்கிறோம் போலிருக்கிறது.

பதினாறாம் நாள் வெப்ப அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பதினோராவது நிமிடம் வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். அதுவும் கடந்தது. நாற்பது, ஐம்பது, அறுபது. கதவு திறந்தது. தலைமுடி நெற்றியில் ஒட்ட, சட்டை முழுக்க நனைந்து, ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவள் மாதிரி ஜெனோவா வந்தாள்.

"தொள்ளாயிரத்து நாப்பது மில்லி" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற நாலு பேரைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதுவிட்டேன். என் தண்ணீரையும் சேர்த்து அளந்திருந்தால் ஒரு லிட்டரைத் தாண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்தால் செய்தி காத்திருந்தது. செயலாளர் என்னை உடனே வரச் சொல்கிறார்.

3-ஏயின் மேஜை மேல் பதினாறு நாள் ஈரப் பதிவும் அச்சடித்து வைக்கப்பட்டிருந்தது. பிலோமினா அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"முந்நூறு இடியாப்பத்துக்கு என்ன நல்லா அவிச்சாலும் ரெண்டு லிட்டர் ஆவி. நான் கல்யாணமாயி எட்டு வருஷம் தெனம் அவிச்சவ. எனக்குத் தெரியும். மிச்சம் அஞ்சு லிட்டர் யாருது?"

மறைத்துப் பிரயோஜனம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பாலித்தீன், போர்வை, அண்டா, பைலட் வேலை, எல்லாம். "ஜெனோவுக்கு இன்னைக்கு சான்று கெடச்சிட்டு. என்ன தண்டனன்னாலும் எனக்குக் குடுங்கக்கா. அவள ஒண்ணும் சொல்லாதிய."

"மொத நாளே தெரியும்" என்றார்.

"என்னது?"

"அவ மயங்கி விழுந்தது சோதனை நிலையத்துல வேலை பாக்க எங்க நாத்தனா மூலமா அன்னைக்கே எனக்கு வந்துட்டு. மறுநாள் லிப்டுல இடியாப்பம். கூட்டிப் பாக்கத் தெரியாதா எனக்கு? மூணு நாள் எல்லை தாண்டினா ஒன் வீட்டுப் பலகைய அடைக்கணும். ஆனா நாப்பது வீட்டுக்குப் பொதுவாச் சமைச்சா, ரெண்டு வாரத்துக்கு விலக்கு உண்டு. விதி பதினாலு. கோயில் திருவிழா அசனச் சாப்பாட்டுக்காகப் போட்டது. அதான் படி ஏறி எறங்கி நாப்பது வீடு சேத்தேன். முட்டி இன்னும் வலிக்கி."

இந்த அம்மாளைத்தானா இத்தனை நாள் கரித்துக்கொட்டினோம் என்று வெட்கமாக இருந்தது.

"ஏங்கா இவ்வளவும் செஞ்சிய?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"நடக்குமான்னு பாக்கணும்னு இருந்துச்சு தம்பி. எங்க வீட்டுக்காரர நீ பாத்ததில்லல்லா? தொம்மைன்னு பேரு. நம்ம கேட்டுக்கு எதுத்தாப்புல, நாலு வீடு தள்ளி, போட் எஞ்சின் பட்டறை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிலோமினா அக்காவைக் கணவரை இழந்தவர் என்று குடியிருப்பே நினைத்துக்கொண்டிருந்தது.

"சண்ட ஒண்ணும் இல்ல. அந்த வீட்டுச் செவுரு பூரா பூசணம். எனக்கு இழுப்பு. இங்க வந்த பெறகுதான் மூச்சு விட்டேன். அவுகளும் கூட வந்து மூணு மாசம் இருந்தாவ. தெனம் மூக்குல ரத்தம். தோலு வெடிச்சு, ராத்திரி பூரா முழிச்சே கெடந்தாவ. நான்தான் போங்கன்னு அனுப்புனேன். பதினோரு வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கெழம கோயில்ல ஏசி உண்டு, அங்க பாத்துக்கிடுவோம். மத்தபடி போன்தான். சண்ட போடணும்னாலும் போன்லதான் போடணும்."

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"போன வருஷம் கூரை ஓட்ட மாத்தி, எதிரும் புதிருமா ஜன்னல் வச்சு, செவுத்துக்கு நல்ல சுண்ணாம்பு அடிச்சிட்டாவ. இப்ப காத்து இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போவுதாம். பூசணம் சுத்தமா இல்ல. எனக்கு இழுப்பும் இல்ல, டாக்டரும் போலாம்னுட்டாரு. ஆனா அங்க போயி பத்து நிமிஷம் உக்காந்தா மயக்கம் வருது. ஒடம்பு மறந்து போச்சு." அச்சடித்த தாள்களை மடித்து என்னிடம் நீட்டினார். "ஜெனோவாவுக்கு நடந்திருக்கு. எனக்கு நடக்குமா?"

விலக்கு முடிந்துவிட்டதே என்று நான் இழுத்தேன். அதெல்லாம் பார்த்தாகிவிட்டது, அடுத்த ரெண்டு வாரத்துக்கு இட்லி என்று எழுதிக்கொள், நாற்பத்தெட்டு வீடு சேர்ந்திருக்கிறது என்றார்.

அவருக்கு வயதுக்கேற்றபடி கால் மணி நேரத்திலிருந்து ஆரம்பித்தோம். ஜெனோவா கப்பல் வேலைக்குப் போகுமுன் காலையில் அண்டா ஏற்றிவிட்டுப் போனாள். பிலோமினா அக்காவின் வியர்வையைச் சோதிக்கிற பொறுப்பை நான் ஏற்கவில்லை. அதற்கு டாக்டர் ஒரு கருவி கொடுத்திருந்தார். பதினாலாம் நாள் டாக்டர் தலையாட்டினார்.

அன்று காலை பதினோரு மணி. வெயில் கண்ணைக் கூசவைத்தது, காற்று அசையவில்லை. பிலோமினா அக்கா புடவை மாற்றி, பூ வைத்து, கேட்டைத் தாண்டினார். தண்ணீர் பாட்டிலோடு நான் பத்தடி பின்னால் வர வேண்டும், பக்கத்தில் வரக்கூடாது என்று உத்தரவு. சாலையைக் கடந்து நாலு வீடு. பட்டறைக்குள் சட்டை போடாமல் ஒரு பெரிய மனிதர் எஞ்சின் மேல் குனிந்திருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

"என்ன பிலோமி? அங்க கரண்டு போயிட்டா?"

"அதெல்லாம் போவல."

அவர் தோள் துண்டை எடுத்து ஸ்டூலை அவசர அவசரமாகத் துடைத்தார். அக்கா உட்கார்ந்தார். கழுத்தில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. முந்தானையால் அதை ஒற்றிக்கொண்டு, எதிரும் புதிருமாக இருந்த ஜன்னல்களை ஒரு தடவை பார்த்தார்.

"மத்தியானத்துக்கு என்ன கொழம்பு வச்சிருக்கிய?" என்றார்.